பாப்பம்மாள் செயினும் ரஞ்சனியின் தொண்டையும்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையோடு ஒரு மைல் நடந்தால் வரும் ஊர் அது. அங்கே வந்து பாப்பம்மாள் வீடு எது என்று கேட்டால், "எந்தப் பாப்பம்மா? செயின் பாப்பம்மாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். அவளைவிட அதிக நகை போட்டவர்கள் ஊரில் இல்லாமல் இல்லை. ரைஸ் மில்காரர் வீட்டில் ஒட்டியாணமே இருந்தது. ஆனாலும் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினால் யாரும் மில்காரர் வீட்டுப் படியேறியது கிடையாது. பாப்பம்மாளிடம்தான் வருவார்கள்.

பொன்னுக்கு வீங்கி வந்தால் கழுத்தில் பொன் போடவேண்டும். பொன் பட்டால் வீக்கம் வற்றும். இது அந்தப் பக்கத்து வழக்கம். பொன் இல்லாத வீடுகள் என்ன செய்யும்? அதற்காகவே அம்மன் தனக்கு மூன்று பவுனில் ஒரு செயினைக் கொடுத்து வைத்திருக்கிறாள் என்று பாப்பம்மாள் நம்பினாள். யாராவது பிள்ளையோடு வந்து நின்றால் குளித்துவிட்டு, செயினை மஞ்சள் நீரில் அலசி, செல்லியம்மன் காலடியில் வைத்து எடுத்து, தன் கையாலேயே போட்டுவிடுவாள். பத்து நாள் அந்தக் கழுத்திலேயே கிடக்கும். கஞ்சியும் வேப்பிலையும்தான் பத்தியம். ஊசி மாத்திரை எதுவும் கூடாது. பத்தாம் நாள் செயின் திரும்பி வரும். பதினேழு வருஷத்தில் ஒரு கண்ணிகூடக் குறைந்ததில்லை. அவளும் ஒரு வெற்றிலைகூட வாங்கியதில்லை. "அம்மனுக்கு ஒரு சூடம் ஏத்திட்டுப் போ" என்பாள், அவ்வளவுதான்.

தொண்ணூறாம் வருஷம் கார்த்திகையில் ஊருக்குப் பொன்னுக்கு வீங்கி நிஜமாகவே வந்தது. பொங்கலுக்குள் ஆறு பிள்ளைகள். செயினோ பாப்பம்மாள் கழுத்துக்குத் திரும்பவே நேரமில்லாமல் சுற்றியது. தை பிறந்து பத்து நாள் கழிந்து ஏழாவதாக வந்தவள், பக்கத்துத் தெரு கோபாலின் மகள் ரஞ்சனி. ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. அவள் அம்மா காவேரி இடுப்பில் கைக்குழந்தையும் கையில் ரஞ்சனியுமாக வந்து நின்றாள்.

"யக்கா, இதுக்கும் வந்துட்சிக்கா. ரெண்டு பக்கமும் வீங்கிகினு கீது. எச்சி முழுங்கச் சொன்னாக்கூட அழுவுது."

பாப்பம்மாள் தொட்டுப் பார்த்தாள். உடம்பு கொதித்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கோலிக்குண்டு போல உருண்டது.

"வேற இன்னா, அதான். ஊரே போட்டுகினு கீது, இவ மட்டும் சும்மா இருப்பாளா?"

கோபால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை செய்பவன். சைக்கிளைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றான்.

"அத்தே, கம்பெனில டாக்டர் வருவாரு. ஒரு மாத்திரை கேட்டு வாங்கியாரட்டா?"

"பொன்னு ஏறின கழுத்துக்கு மாத்திரை இன்னாத்துக்குப்பா? அம்மன் கோச்சுக்குவா. நீ ஷிப்டுக்குப் போ."

அவன் போய்விட்டான். அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் காவேரி செயினோடு ஒரு தூக்குச் சர்க்கரைப் பொங்கலும் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

மாசி பிறந்த சமயத்தில் ரஞ்சனிக்கு வலது முழங்கால் வீங்கியது. விளையாடும்போது விழுந்திருப்பாள் என்று நல்லெண்ணெய் தடவினார்கள். இரண்டு நாளில் அது வற்றிவிட்டு இடது கணுக்கால் வீங்கியது. அப்புறம் மணிக்கட்டு. வலி ஓரிடத்தில் நிற்காமல் இடம் மாறிக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் தெருக் குழாய்வரை நடந்துபோனவள் திரும்பி வர முடியாமல் குழாயடியிலேயே உட்கார்ந்து, ஓடிவந்த ஆள் போல மேல்மூச்சு வாங்கினாள். குடம்கூடத் தூக்கவில்லை, வெறுங்கைதான். அதைப் பார்த்ததும் கோபால் மகளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். வாலாஜாபாத்தில் ரயிலேறி செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பாப்பம்மாளும் கூடவே போனாள்.

அங்கே குழந்தைகளைப் பார்க்கும் டாக்டர் சத்யப்பிரியா, ரஞ்சனியின் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு காவேரியைப் பார்த்தார்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி குழந்தைக்குத் தொண்டை வலி வந்துச்சாம்மா?"

"தொண்ட வலி இல்ல டாக்டரம்மா. பொன்னுக்கு வீங்கி."

டாக்டர் ரஞ்சனியின் காதுக்கு முன்னால் விரலை வைத்தார். "இங்கே வீங்கிச்சா?"

"இல்ல."

விரல் தாடைக்குக் கீழே இறங்கியது. "இங்கேயா?"

"ஆமா, அங்கதான்."

"வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தீங்களா?"

காவேரி இல்லையென்று தலையாட்டினாள்.

"பொன்னுக்கு வீங்கின்னு யாரு சொன்னது?"

காவேரி தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். பாப்பம்மாள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள்.

"நான்தாம்மா சொன்னேன்," என்றாள்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். ஒரு காகிதத்தில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார்.

"தொண்டையில ரெண்டு பக்கமும் ரெண்டு சதை இருக்கு. டான்சில்னு சொல்லுவோம். உள்ளே வர்ற கிருமியை முதல்ல தடுக்கிறது அதுதான். தடுக்கும்போது வீங்கும், வலிக்கும், காய்ச்சல் வரும். முக்கால்வாசி நேரம் தானாவே சரியாப் போயிடும். ஆனா அதுல ஒரு வகைக் கிருமி இருக்கு. அதை எதிர்த்து உடம்பு சண்டை போடுது பாருங்க, அந்தச் சண்டையில ஆள் அடையாளம் தெரியாம தன்னோட மூட்டையும் இதயத்தையும் தானே அடிச்சுக்குது. மூட்டு வீங்கி வத்திடும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. இதயத்துல ரத்தம் போக வரக் கதவு இருக்கு. அந்தக் கதவுல காயம் பட்டா அது சரியா மூடாது. மூடாத சந்துல ரத்தம் ஒழுகும். இப்போ இவளுக்குக் கொஞ்சமா ஒழுகுது."

கோபால் கேட்டான். "அந்தச் சதையை அறுத்து எடுத்துட்டா சரியாப் பூடுமா டாக்டர்?"

"இப்போ அதுக்கு அவசியமில்லை. எடுத்தாலும் ஊசி போட்டே ஆகணும். இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, இருபத்தோரு வயசு வரைக்கும். இன்னொரு தடவை இந்தக் கிருமி தொண்டைக்கு வராம பார்த்துக்கிட்டா, கதவு தானா சரியாக வழி இருக்கு. வந்துட்டா அடி பெருசா விழும். டிசம்பர்ல கூட்டிட்டு வாங்க, கேட்டுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது."

பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "தொண்டை வலிச்ச ஒன்பது நாளைக்குள்ள மருந்து குடுத்திருந்தா இது இதயத்துக்கே போயிருக்காது," என்றார்.

ஒன்பது நாள். செயின் ரஞ்சனி கழுத்தில் கிடந்தது பத்து நாள். பாப்பம்மாள் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் இந்தக் கணக்குப் போட அது போதும். மாத்திரை வாங்கிவரட்டுமா என்று கேட்டவனை ஷிப்டுக்குப் போகச் சொன்னதும் அவள் வாய்தான்.

வார்டுக்கு வெளியே காவேரி கைக்குழந்தையை அவளிடமிருந்து வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள்.

"நீ ஊருக்குப் போ. எம் மூஞ்சில முழிக்காத."

பாப்பம்மாள் தனியாக ரயிலேறினாள். வாலாஜாபாத் வரும்வரை ஜன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செல்லியம்மன் கோயிலுக்குப் போனாள். பொழுது சாயும் நேரம். செயினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உண்டியல் முன்னால் நின்றாள்.

"தாயே, நல்லதுன்னு நெனச்சித்தானே போட்டேன். என் கையாலயா இந்தப் பாவத்தைச் செய்யணும்? இது எனக்கு வேணாம். நீயே வெச்சுக்கோ."

உண்டியல் வாய்க்கு நேரே கை போயிற்று. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"இங்கதான் கீறியா? உன் வூட்டுக்கு ரெண்டு வாட்டி போய்ட்டு வந்தேன்."

கீழத்தெரு ராஜம்மா. பக்கத்தில் அவள் சின்ன மகள், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"மத்தியானந்தான் வீங்க ஆரம்பிச்சுது. வேற எங்கயும் போவல. முதல்ல உங்கிட்டத்தான் இட்டுகினு வந்தேன்."

பாப்பம்மாள் கை அப்படியே நின்றுவிட்டது. முதலில் உன்னிடம்தான். மத்தியானம் வீங்கியது, சாயங்காலம் இங்கே. எந்த டாக்டரிடம் இவ்வளவு சீக்கிரம் போகிறார்கள்? ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினாலும் முதல் நாளே அந்தக் கழுத்து தன் வாசலுக்கு வந்துவிடுகிறது. ஒன்பது நாளில் ஒரு நாள்கூடக் கழியாமல் வருகிறது! இழுத்துக்கொண்டு வருவது இந்தச் செயின். இதை உண்டியலில் போட்டுவிட்டால் நாளைக்கு அவர்கள் வேறு யாருடைய தோட்டையாவது கடன் வாங்கி நூலில் கோத்துக் கட்டுவார்கள். வாய்க்குள் யார் பார்ப்பார்கள்?

அம்மன் செயினை வாங்கிக்கொள்ளத் தயாராயில்லை என்று அவளுக்கு விளங்கிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

"ராஜம்மா, காலையில மொத பஸ்ஸுக்குக் கிளம்பு. வாலாஜாபாத் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இன்னாத்துக்கு? செயினைப் போட்டு வுடு, நான் போறேன்."

"போட்டுத்தான் வுடுவேன். அங்க வந்து போட்டு வுடறேன். வா."

வாலாஜாபாத் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுபவர் ஜெபகுமார். சிரித்த முகம், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவர். பாப்பம்மாள் நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, "எனக்கு வித்தியாசம் காட்டிக் குடுப்பா. இனிமே நான் தப்பு பண்ணக்கூடாது," என்று கேட்டாள். அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. ராஜம்மாவின் மகளை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்தார்.

"தொடுங்கம்மா. காதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு வீங்கியிருக்கு. காதுமடலைத் தூக்கி நிறுத்தியிருக்கு பாருங்க. தாடை எலும்பே கைக்குத் தட்டுப்படல. வாய்க்குள்ள தொண்டை சுத்தமா இருக்கு. இது பொன்னுக்கு வீங்கி."

வரிசையில் வேறொரு பிள்ளை தொண்டை வலி என்று நின்றிருந்தது. கடவுள் அனுப்பியது போல. அதையும் கூப்பிட்டு, கரண்டிக் காம்பால் நாக்கை அழுத்தினார்.

"இங்க பாருங்க. காது அதுபாட்டுக்கு இருக்கு. தாடைக்குக் கீழே உருண்டை. உள்ளே ரெண்டு சதையும் செக்கச் செவேல்னு, மேல தயிர் தெளிச்ச மாதிரி. இருமல் இல்ல, மூக்கு ஒழுகல. இப்படி இருந்தா அனுப்பிடுங்க. எல்லாமே கெட்ட கிருமியா இருக்காது. அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நீங்க அனுப்பிட்டாப் போதும்."

பாப்பம்மாள் இரண்டு கழுத்தையும் மாற்றி மாற்றித் தொட்டாள். கோயில் மணியைத் தொடுகிறவள் போலக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள். பிறகு அங்கேயே ராஜம்மாவின் மகளுக்குச் செயினைப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து ஊரில் புதுச் சட்டம். செயின் வேண்டுமா, முதலில் வாயைத் திற. வெயில் பக்கம் திரும்பி நில். தயிர் தெளித்தாற்போல் இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டு வா, அப்புறம் செயின். ஊர் சும்மா இருக்குமா? "பாப்பம்மா டாக்டருக்குப் படிச்சிட்டா" என்றார்கள். அவள் தெருவில் வந்தால் விடலைப் பையன்கள் வரிசையாக நின்று வாயை ஆவென்று பிளந்து காட்டினார்கள். புருஷன் தணிகாசலம் ரைஸ் மில்லில் மூட்டை தைப்பவர். சாப்பிட உட்கார்ந்தவரும் ஒரு நாள் வாயைத் திறந்து, "தயிரு கீதா பாரு, இல்லன்னா இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றார்.

 அவள் மனசில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரஞ்சனிக்கு அந்தத் தொண்டை வலி திரும்ப வரக்கூடாது. கிருமி பக்கத்திலிருக்கும் பிள்ளையிடமிருந்துதான் வரும் என்று ஜெபகுமார் சொல்லியிருந்தார். அப்படியானால் ஊரிலுள்ள தொண்டைகளைக் காத்தால்தான் ரஞ்சனியின் நெஞ்சைக் காக்க முடியும்.

ரஞ்சனிக்குப் பிப்ரவரி இருபத்தேழாம் தேதி, புதன்கிழமை, முதல் ஊசி. இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை என்பதால் எப்போது எண்ணினாலும் புதன்கிழமையிலேயே வந்து விழுந்தது. ஊருக்குத் திரும்பியபின் வாலாஜாபாத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் புதன்கிழமைகளில் பஸ்ஸில் முன்சீட்டில் காவேரியும் ரஞ்சனியும் உட்கார்ந்திருப்பார்கள். கடைசிச் சீட்டில் பாப்பம்மாள் இருப்பாள். யாரும் கூப்பிடவில்லை. காவேரி திரும்பிப் பார்ப்பதுமில்லை. ஊசி போட்டதும் பிள்ளை காலை இழுத்து இழுத்து நடக்கும்போது, பின்னால் பத்தடி தள்ளி இவளும் நடப்பாள்.

சித்திரையில் ஒரு சோதனை வந்தது. ரஞ்சனி வீட்டுக்கு அடுத்த வீடு மண்ணாங்கட்டியுடையது. செங்கல் சூளையில் வேலை செய்கிறவன். அவன் மகளும் ரஞ்சனியும் ஒரே பாயில் உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடுகிறவர்கள். அந்தப் பெண்ணுக்குக் கழுத்து வீங்கியது. பாப்பம்மாள் வாயைத் திறக்கச் சொன்னாள். உள்ளே தயிர் தெளித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போ மண்ணாங்கட்டி. அப்பால வா, செயின் தரேன்."

"செயினு கேட்டா வாயைத் தொறன்றே. இது இன்னா மாட்டுச் சந்தையா, பல்லைப் புடிச்சுப் பாக்க?"

"மாட்டுக்குப் பாக்கற மாதிரியாச்சும் பொண்ணுக்குப் பாக்கக் கூடாதா நீ?"

"உன் செயினு உங்கிட்டயே இருக்கட்டும்!" என்று அவன் மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டான். பெண்டாட்டியின் மூக்குத்தியை நூலில் கட்டிக் கழுத்தில் போட்டான்.

பாப்பம்மாள் அவன் வாசலில் போய் நின்றாள். இரண்டாம் நாள் நின்றாள். மூன்றாம் நாளும் நின்றாள். சண்டை போடவில்லை, கத்தவில்லை. "இன்னிக்கி மூணாச்சுப்பா. இன்னும் ஆறு நாள் கீது," என்று சொல்லிவிட்டுப் போவாள். நாலாம் நாள் அவளைப் பார்த்ததுமே அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஏம்மா, நீ இன்னா காலண்டரா? தெனம் வந்து தேதி கிழிக்கிறே!"

"நீ செயினைத்தானே கேட்ட? கையில கொண்டாந்துகீறேன். ஆஸ்பத்திரியில, ஊசி போடறதுக்கு முன்னாடியே போட்டு வுடறேன். அம்மனுக்கும் ஆச்சு, டாக்டருக்கும் ஆச்சு. கிளம்பு."

அவன் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். ஊசி போடும் அறையில் மூன்று பவுன் செயினோடு உட்கார்ந்திருந்த செங்கல் சூளைப் பெண்ணைப் பார்த்து ஜெபகுமார், "கல்யாணப் பொண்ணு வந்திருக்கு, வழி விடுங்க," என்றார். அதுவரை முறைத்துக்கொண்டிருந்த மண்ணாங்கட்டியே சிரித்துவிட்டான். டாக்டர் சொன்னபடி ரஞ்சனியைப் பத்து நாள் அந்த வீட்டுப் பக்கம் விடவில்லை. தொண்டை வலி அவளைத் தொடாமல் போயிற்று.

மே மாதம் இருபத்திரண்டாம் தேதி, புதன்கிழமை. முந்தின நாள் இரவு ஸ்ரீபெரும்புதூர்க் கூட்டத்தில் குண்டு வெடித்ததை இங்கே விரித்துச் சொல்லவேண்டியதில்லை, நாடே அறியும். விடிந்து பார்த்தால் சாலையில் ஒரு பஸ் இல்லை, ஒரு லாரி இல்லை. கதவுகளெல்லாம் சாத்திக் கிடந்தன. கோபாலுக்குக் கம்பெனி லீவு. அன்றைக்கு ஊசி நாள் என்று காவேரிக்கும் தெரியும். ஆனால் எப்படிப் போவது?

ஏழு மணிக்குப் பாப்பம்மாள் வந்து வாசலில் நின்றாள். இடுப்பில் முடிச்சுப் போட்ட புடவை, கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்.

"கோபாலு, சைக்கிளை எடு. ரோட்டுப் பக்கம் வேணாம். ஏரிக்கரையால பூந்து கழனி வழியா போவலாம். ரஞ்சனி கேரியர்ல குந்தட்டும், அது நடக்கக்கூடாது. நீ தள்ளிகினு வா, நான் பின்னாடி புடிச்சுகினு வரேன்."

கோபால் காவேரியைப் பார்த்தான். காவேரி உள்ளே போய் ஊசிச் சீட்டை எடுத்துவந்து அவன் சட்டைப்பையில் வைத்தாள். பாப்பம்மாளிடம் எதுவும் பேசவில்லை.

ஆறு மைல். வரப்பில் சைக்கிளைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தார்கள். வாலாஜாபாத் எல்லையில் போலீஸ்காரர்கள் மறித்தார்கள்.

"எங்கம்மா போறீங்க? ஊரு கிடக்கிற கிடையில! வூட்டுக்குத் திரும்புங்க."

கோபால் சீட்டை நீட்டினான். போலீஸ்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்தொண்ணு நாளுக்கு ஒரு வாட்டியா? ஒரு நாள் தள்ளிப்போட்டா இன்னா ஆயிடும்?"

"ஒரு நாள் தள்ளிக் கை பழகிட்டா அப்பால தள்ளிகினே போவும் சாமி," என்றாள் பாப்பம்மாள். "இது நெஞ்சு விஷயம்."

அவர் ரஞ்சனியைப் பார்த்தார். சைக்கிள் கேரியரில் புழுதி படிந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது பிள்ளை. சீட்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ஓரமா போங்க," என்று கயிற்றை இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் ஜெபகுமார் ஒருவர்தான் இருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"அம்மா! ரெண்டு நாள் முன்னே பின்னே ஆனா ஒண்ணும் ஆகாதுன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"அது உனக்குத் தெரிஞ்ச கணக்கு ஜெபகுமாரு. எனக்குத் தெரிஞ்சது புதன்கிழமை."

அவர் சிரித்துக்கொண்டே மருந்தைக் கலக்கினார். திரும்பி வந்து சேர மத்தியானம் இரண்டு மணி. கத்திரி வெயிலில் பாப்பம்மாள் செருப்பு அறுந்து ஒரு காலில் வெறுங்காலாக வந்தாள். ரஞ்சனியை இறக்கி வீட்டுக்குள் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தவளின் முன்னால் காவேரி வந்து நின்றாள். கையில் ஒரு சொம்பு மோர்.

"குடிக்கா," என்றாள்.

மூன்று மாதத்தில் முதல் வார்த்தை. பாப்பம்மாள் நின்றபடியே குடித்தாள். அடுத்த புதன்கிழமைப் பயணத்தில் முன்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் தொண்டை கட்டியது. பாப்பம்மாளுக்கு அடுப்பு பற்றவைக்க நேரமில்லை. சிலருக்கு வெறும் சளி என்று கஷாயம் வைத்துக் குடிக்கச் சொன்னாள். சந்தேகமாகத் தோன்றியவர்களை மூட்டை கட்டி பஸ்ஸேற்றினாள். இப்போது யாரும் கேலி செய்யவில்லை. பிள்ளைகள் அவளைக் கண்டதும் கேட்காமலேயே வெயில் பக்கம் திரும்பி வாயைத் திறந்தன. மண்ணாங்கட்டி சூளையிலிருந்து பிள்ளைகளைத் தானே கூட்டிவந்து, "பாரும்மா, எதிர்ப்பேச்சு பேசினா எங்கிட்ட சொல்லு," என்று காவல் நின்றான்.

டிசம்பர் மாதம் கைக்குழந்தையோடு நான்கு பேருமாகச் செங்கல்பட்டுக்கு ரயிலேறினார்கள். கோபால் லீவு போட்டிருந்தான். போகும் வழியெல்லாம் ரஞ்சனி ஜன்னலோரம் உட்கார்ந்து மரங்களை எண்ணிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சத்யப்பிரியா குழலை வைத்துக் கேட்டார். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கேட்டார். எழுந்து உட்காரச் சொல்லிக் கேட்டார். பேசாமல் எழுந்துபோய் இன்னொரு பெரிய டாக்டரை அழைத்துவந்தார். அவரும் கேட்டார். காவேரி பாப்பம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. பாப்பம்மாள் உதடு மட்டும் அசைந்தது. செல்லியம்மா, செல்லியம்மா.

"சத்தம் இல்லை," என்றார் டாக்டர்.

"இன்னா இல்ல?" என்றாள் காவேரி. 

"ஒழுகுற சத்தம் இல்லைம்மா. பிப்ரவரியில குழலை வச்ச உடனே கேட்டுச்சு. இப்போ ரெண்டு பேரும் தேடித் தேடிப் பார்த்தோம். கதவு மூடுது. நல்லா மூடுது."

கோபால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். காவேரி அழுதாள், சிரித்தாள், மறுபடி அழுதாள். டாக்டர் ஊசிச் சீட்டை வாங்கித் தேதிகளில் விரலை ஓட்டினார். ஒரு புதன்கிழமைகூட விட்டுப்போகவில்லை. மே இருபத்திரண்டில் விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்குமா?"

"அன்னிக்கும் புதன்கிழமைதானேம்மா," என்றாள் பாப்பம்மாள்.

ஊரில் பாப்பம்மாள் போட்டிருக்கும் வாய் திறக்கும் சட்டத்தைக் காவேரி எடுத்துச் சொன்னாள். டாக்டர் வெளியே நின்ற இளம் டாக்டர்களை உள்ளே கூப்பிட்டார். "இவங்க ஊர்ல கழுத்து வீங்கின பிள்ளைகள் முதல்ல இவங்ககிட்டதான் வருவாங்களாம். பொன்னுக்கு வீங்கியையும் டான்சிலையும் எப்படிப் பிரிக்கிறாங்கன்னு கேட்டுக்குங்க. அம்மா, கொஞ்சம் சொல்லுங்க."

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். அஞ்சாம் வகுப்புப் பாப்பம்மாள் முதலில் கூச்சப்பட்டாள். அப்புறம் ஒரு பையனைக் கிட்டே கூப்பிட்டு அவன் தாடைக்குக் கீழே விரலை வைத்தாள். "இங்க உருண்டா வாயைத் தொற. காதுமடல் தூக்கிகினு நின்னா, அது வேற." எல்லோரும் தலையாட்டினார்கள். "இந்த வருசம் பதினோரு பேரை அனுப்பிச்சேன். ஒண்ணுக்கும் மூட்டு வீங்கல," என்று முடித்தபோது அவள் குரலில் கூச்சம் போயிருந்தது.

"ஊசியை மட்டும் நிறுத்திடாதீங்க," என்றார் டாக்டர், காவேரியிடம். "சத்தம் போயிடுச்சு, ஆனா கிருமி ஊர்ல இருக்கு. சொன்ன வயசு வரைக்கும் போடணும்."

"போடுவோம்மா."

ரஞ்சனி டாக்டரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். "நான் ஓடலாமா?"

"ஓடலாம். நல்லா ஓடு."

ரயில் வாலாஜாபாத்துக்குத் தாமதமாக வந்தது. ஒரகடம் போகும் பஸ் புறப்பட்டு நகர ஆரம்பித்துவிட்டது. அதை விட்டால் இன்னும் ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டும். "ஏய் ஏய், நில்லு!" என்று கோபால் கத்தினான். காவேரி கைக்குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தாள். பாப்பம்மாளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். அவர்கள் மூன்று பேரையும் தாண்டிக்கொண்டு ஒரு பாவாடை பறந்துபோயிற்று. ரஞ்சனி. மழைத் தண்ணீர் தேங்கிய குழிகளைத் தாவித் தாவி ஓடி, பஸ்ஸின் பின்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஓல்டான்! எங்கம்மா வராங்க, ஓல்டான்!" என்று கத்தினாள். பஸ் நின்றது.

பெரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து படியேறினார்கள். பாப்பம்மாள் கடைசியாக ஏறிக் கம்பியில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, இப்டி மூச்சு வாங்குது?" என்றார் கண்டக்டர். "மெதுவா வரக்கூடாதா?"

"எனக்குத்தாம்பா வாங்குது," என்று பாப்பம்மாள் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சொன்னாள். "அதோ குந்திகினு கீது பாரு, அதுக்கு வாங்குதா பாரு!"